பள்ளி வண்டிக்கு முன்னால்

கண்ணாடி இல்லாமல் கடைப் பலகையைப் படிக்க முடியாத வயதுக்கு நாம் எல்லோரும் வந்துவிட்டோம். ஆனாலும் நம்மில் நிறையப் பேர் இன்னும் வண்டி ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். அதனால் இதை உங்களிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

நான் இப்போது அயோத்தியாப்பட்டணத்தில் இருக்கிறேன். வேலைக்குக் காரில் போய் வருகிறேன். காலையில் எந்தத் தெருவழியாகப் போனாலும் எனக்கு முன்னால் ஒரு மஞ்சள் வண்டி இருக்கும். அது வேகம் குறைந்து ஓரம் கட்டினால் நானும் பின்னால் நின்றுவிடுவேன். எனக்குப் பின்னால் இருப்பவர்கள் ஹாரன் அடிப்பார்கள். ஒருநாள் பைக்கில் வந்த ஒருவர் என் ஜன்னல் பக்கம் நிறுத்தி, "ஏம்மா, ஓட்டத் தெரியலன்னா ஆட்டோல போக வேண்டியதுதானே" என்று கேட்டுவிட்டு அந்த மஞ்சள் வண்டியைத் தாண்டிப் போனார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் எதுவும் கேட்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் திறந்தேன். நிற்கிற பள்ளி வண்டியின் முன்பக்கத்திலிருந்து ஒரு சின்னத் தலை வெளியே வந்து, சாலையைக் கடந்து, மறுபக்கம் போய்ச் சேரும்வரை எனக்கு மூச்சு சரியாக வராது.

இந்தப் பயம் பிறவியிலேயே வந்ததல்ல. ஒரே ஒரு கிழங்கு வெட்டுக் காலத்தில் வந்தது.

எங்கள் தோட்டம் நாமகிரிப்பேட்டைக்குச் சற்று முன்னால், ராசிபுரத்திலிருந்து வரும் சாலையின் வலப்பக்கம் இருந்தது. வீட்டுக்கும் சாலைக்கும் நடுவே குச்சிக்கிழங்குக் காடு. மரவள்ளியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம், வயலைக் காடு என்போம். வீட்டில் அப்பா, அம்மா, கல்யாணமாகாத சித்தப்பா, அத்தை, அத்தை மகள், நான். அத்தை அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. பாட்டி சீக்கிரமே போய்விட்டதால் சித்தப்பாவை இடுப்பில் தூக்கி வளர்த்தது அத்தைதான். அத்தையின் கணவர் போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலைக்கு வடக்கே போனவர். முதலில் ஊர் ஆட்கள் மூலம் செய்தி வந்துகொண்டிருந்தது. பிறகு செய்தியும் வரவில்லை, ஆளும் வரவில்லை. அத்தை தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். எங்கள் வீட்டில் அத்தை சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போதும் கை ஏதாவது ஒன்றை ஆய்ந்துகொண்டோ துடைத்துக்கொண்டோ இருக்கும். அது சுறுசுறுப்பு என்று அன்றைக்கு நினைத்தேன்.

அத்தை மகளும் நானும் ஒரே வகுப்பு. ராசிபுரத்தில் புதிதாக ஆரம்பித்திருந்த ஓர் ஆங்கிலப் பள்ளியில் அப்பா எங்கள் இருவரையும் ஒன்றாகச் சேர்த்தார். எங்கள் ஊர்ப்பக்கம் முதன்முதலாக வந்த பள்ளி வண்டி அதுதான். உங்களுக்கும் அப்படி ஒரு வண்டி ஞாபகம் இருக்கும். எங்கோ ஓடி ஓய்ந்த பழைய பஸ்ஸை வாங்கி மஞ்சள் பூசியிருந்தார்கள். இன்ஜின் மூக்குப் போல வெளியே நீண்டிருக்கும். பச்சை ரெக்ஸின் சீட் வெயிலில் சூடேறித் தொடையில் ஒட்டிக்கொள்ளும். ஜன்னல் கம்பியை நாங்கள் நக்கிப் பார்த்திருக்கிறோம். துருவும் உப்பும் கலந்த ஒரு ருசி. வண்டிக்குள் எப்போதும் டீசலும் தயிர்ச்சாதமும் சேர்ந்து மணக்கும்.

அந்த வண்டியில் டிரைவர் ஒருவர் மட்டும்தான். பிள்ளைகளை இறக்கிவிட வேறு ஆள் கிடையாது. காலையில் ராசிபுரத்துக்குப் போகும்போது எங்கள் வீட்டுப் பக்கமாகவே நிற்கும். ஏறிக்கொள்வோம். சாயங்காலம் திரும்பி வரும்போது எதிர்ப்பக்கத்துப் புளியமரத்தடியில் நிற்கும். இறங்கி, வண்டியின் மூக்கைச் சுற்றி முன்னால் வந்து நிற்க வேண்டும். டிரைவர் ஜன்னலில் கையை வெளியே நீட்டி, போங்கள் என்பதுபோல் வீசுவார். நாங்கள் போவோம்.

அந்த வருடம் மார்கழியில் மூடுபனி கனமாக இருந்தது. போதமலையே தெரியாது. சாலையில் நின்றால் நம் கையில் இருக்கும் சாப்பாட்டுப் பை மட்டும் தெரியும். கிழங்கு லாரிகளிலிருந்து விழுந்து சக்கரத்தில் நசுங்கிய கிழங்குகள் தார் ரோட்டில் புளித்துக் கிடக்கும். கிழங்கை அரைத்து ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லின் புளித்த வாடையும் அதோடு சேர்ந்துகொள்ளும். பனிக்குள்ளிருந்து முதலில் ஒரு உறுமல் வரும். எந்தப் பக்கம் என்று தெரியாது. பிறகு திடீரென்று விளக்கில்லாத ஒரு பால் வண்டியோ லாரியோ எங்கள் முகத்துக்கு நேரே வந்து காற்றை அடித்துவிட்டுப் போகும். அத்தை மகள் என் பாவாடையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்துக்கொள்வாள். அவள் பல் தந்தியடிப்பது குளிருக்கா பயத்துக்கா என்று தெரியாது. எனக்கும் அடிக்கும்.

அம்மா தினமும் சொல்லுவார். "சத்தங் கேட்டாப் போதும், வரப்பு மேல ஏறி நின்னுக்கோணும். வண்டி நின்னு விளக்கு தெரிஞ்சாத்தான் ரோட்டுப் பக்கம் போகோணும். கேட்டுச்சா சாமி?"

கேட்டது. பனிக் காலம் முழுவதும் காலை வேளைக்குத்தான் பயந்தோம். பெரியவர்களும் காலை வேளைக்குத்தான் பயந்தார்கள். சாயங்காலம் நல்ல வெளிச்சம் இருந்தது. சாலை கண்ணுக்கெட்டிய தூரம் நேராகத் தெரிந்தது. அதனால் சாயங்காலத்தில் யாரும் எங்களுக்காக வந்து நிற்கவில்லை. காலையில் நாங்கள் சாலையையே கடப்பதில்லை என்பதும், கடப்பது சாயங்காலம்தான் என்பதும் யாருக்கும் தோன்றவில்லை.

சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சித்தப்பாவுக்குச் சொந்த லாரி. கிழங்கு இல்லாத மாதங்களில் பம்பாய்வரை போவார். எங்கள் இருவரையும் அம்மிணி என்றுதான் கூப்பிடுவார். திரும்பி வரும்போது எங்களுக்கு ஏதாவது வாங்கி வருவார். ஒருமுறை இரண்டு தண்ணீர் பாட்டில்கள் வாங்கி வந்தார். அத்தை மகளுக்குச் சிவப்பு, எனக்கு நீலம். கழுத்தில் மாட்டிக்கொள்ள வார் இருந்தது. தண்ணீரில் பிளாஸ்டிக் வாடை அடித்தாலும் அதைத்தான் குடிப்போம். வகுப்பில் வேறு யாரிடமும் அப்படி ஒரு பாட்டில் இல்லை.

லாரியில் ஏர் ஹாரன் பொருத்தியிருந்தார். அது பாட்டுப் போல ஏறி இறங்கி ஊதும். கிழங்கு வெட்டு ஆரம்பித்தால் ராசிபுரம் பக்கத்துக் காடுகளில் ஏற்றி நாமகிரிப்பேட்டை தாண்டியிருந்த மில்லில் கொண்டுபோய்க் கொட்டுவார். மில் வாசலில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். முந்திப் போனால் முந்தி இறக்கலாம். அதனால் சாயங்காலம் பெரும்பாலும் எங்கள் பள்ளி வண்டிக்குப் பின்னால் வந்து, ஹாரனை ஊதிக்கொண்டே தாண்டிப் போவார். ஹாரன் கேட்டதும் வண்டியில் இருக்கும் பிள்ளைகள் எல்லோரும் ஜன்னலுக்கு வந்துவிடுவார்கள். "எங்க மாமா, எங்க மாமா" என்று அத்தை மகள் சீட் மேல் ஏறி நின்று கை காட்டுவாள். நானும் காட்டுவேன். சித்தப்பா ஒரு கையை ஸ்டீயரிங்கில் வைத்து மறு கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார். பள்ளி டிரைவர்கூடச் சிரிப்பார்.

அந்த மாசியில் சித்தப்பாவுக்குக் கல்யாணம் வைத்திருந்தது.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்திருந்த சமயம். அன்றைக்குக் காலையில் அத்தை மகளின் செருப்பு வார் அறுந்துவிட்டது. ஊக்குக் குத்தி மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். நாள் முழுவதும் அந்தக் காலைத் தேய்த்துத் தேய்த்துத்தான் நடந்தாள். விளையாட்டு நேரத்திலும் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

சாயங்காலம் புளியமரத்தடியில் வண்டி நின்றது. அவள் முதலில் இறங்கினாள். என் பையின் வார் கதவுக் கம்பியில் மாட்டிக்கொண்டதால் நான் அதை எடுத்துவிட்டு இறங்க வேண்டியிருந்தது. நான் வண்டியின் மூக்கைச் சுற்றி வந்தபோது டிரைவர் கையை வீசிவிட்டிருந்தார். அவள் வண்டியின் அந்த ஓரத்துக்குப் போயிருந்தாள். சிவப்பு ரிப்பன் கட்டிய பின்னல்கள். தோளில் சிவப்பு பாட்டில். செருப்பை இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தாள். எங்களுக்கு வலப்பக்கம் மஞ்சள் வண்டியின் மூக்கு. அதற்கு அப்பால் என்ன வருகிறது என்று எங்களுக்குத் தெரியாது. வண்டிக்கு முன்னால் யார் இருக்கிறார்கள் என்று பின்னால் வருகிறவருக்கும் தெரியாது.

ஹாரன் கேட்டது.

வேறு எந்த ஹாரனாக இருந்திருந்தாலும் அவள் பின்வாங்கியிருப்பாள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அது மாமா ஹாரன். அவள் நின்றாள். சிரித்துக்கொண்டே திரும்பி, கையைத் தூக்கினாள்.

பிறகு நடந்ததை நான் முழுதாகப் பார்க்கவில்லை. ஒரு பெரிய இருட்டு என் முன்னால் குறுக்கே போனது. பிரேக் சத்தம் நீளமாக, யாரோ அலறுவது போல் கேட்டது. டயர் கருகும் வாடை வந்தது. பாரம் சரிந்து கிழங்குகள் சாலையெல்லாம் உருண்டன. அவை உருளும் சத்தம்கூட எனக்குக் கேட்டது. ஒரு கிழங்கு மெதுவாக உருண்டு வந்து என் காலில் பட்டு நின்றது. அவளைக் காணோம். அவள் நின்ற இடத்தில் லாரியின் பின்சக்கரம் இருந்தது. அதன் அடியில் அவள் இருக்கிறாள் என்றே நினைத்தேன். குனிந்து பார்க்கப் பயமாக இருந்தது. பார்க்காமல் இருக்கவும் பயமாக இருந்தது.

அவள் அங்கே இல்லை. மறுபக்கத்துப் பள்ளத்தில் தூக்கி எறியப்பட்டுக் கிடந்தாள். சித்தப்பா கதவைத் திறந்து குதித்தார். "அம்மிணி, அம்மிணி, அம்மிணி." அதைத் தவிர அவர் வாயில் வேறு வார்த்தை வரவில்லை. அவளைத் தூக்கியபோது ஒரு கால் மட்டும் அவள் உடம்போடு வராததுபோல் தனியாகத் தொங்கியது. கிழங்குக் காட்டுக்குள்ளிருந்து அத்தை ஓடி வந்தார். யாரும் கூப்பிடுவதற்கு முன்பே வந்துவிட்டார். அவர் அழவில்லை. லாரியில் ஏறி உட்கார்ந்து மடியை விரித்தார். சித்தப்பா அவளை அந்த மடியில் வைத்தார். மீதிக் கிழங்கும் உதிர உதிர லாரி திரும்பிச் சேலத்துப் பக்கம் போனது.

நான் சாலையின் தவறான பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். எதிரே எங்கள் வீடு தெரிந்தது. என்னால் அந்தச் சாலையைக் கடக்க முடியவில்லை. வண்டிக்குள் பிள்ளைகள் எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். அக்கம்பக்கத்துக் காட்டு ஆட்கள் வந்து கூடினார்கள். பள்ளி டிரைவர் அவர்கள் ஒவ்வொருவரிடமும் போய், "புள்ள ஓடிப்போச்சுங்க. நான் சொல்லச் சொல்ல ஓடிப்போச்சுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வாக்கியத்தை முதன்முதலாக அங்கேதான் கேட்டேன்.

யாரோ என்னைத் தூக்கி மறுபக்கம் கொண்டுபோய் அம்மாவிடம் விட்டார்கள். பயத்தில் என் பாவாடை நனைந்திருந்தது. அம்மா ஒன்றும் கேட்காமல் பாவாடையை மாற்றிவிட்டார். சிவப்பு பாட்டிலைப் பிறகு பள்ளத்திலும் கிழங்குச் செடிகளுக்கு நடுவிலும் எத்தனையோ முறை தேடினேன். கிடைக்கவில்லை.

உயிருக்கு ஆபத்தில்லை என்றும், அவள் என்னைக் கேட்கிறாள் என்றும் தகவல் வந்ததும் அப்பா என்னைச் சேலத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். பினாயில் வாடை. நீளமான அறை. அவள் தொடை எலும்பு முறிந்திருந்தது. காலைத் தூக்கிக் கயிறு கட்டி, கட்டிலின் நுனியில் ஒரு எடையைத் தொங்கவிட்டிருந்தார்கள். அது லேசாக ஆடும்போதெல்லாம் அவள் உதட்டைக் கடித்தாள். சித்தப்பா சுவரோரம் தரையில் குந்தியிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

நாங்கள் இருக்கும்போதே போலீஸ்காரர் ஒருவர் விசாரிக்க வந்தார். சித்தப்பா எழுந்து நின்றார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அத்தை முன்னால் வந்துவிட்டார்.

"எம்புள்ளதானுங்க கவனமில்லாம ஓடிப்போயிட்டா. எந்தம்பி என்னங்க பண்ணுவான். அவன் ஒடிச்சுத் திருப்பலைன்னா புள்ள பொழச்சே இருக்க மாட்டா."

"ஓடுனத நீங்க பாத்தீங்களாம்மா?"

"பாத்தனுங்க."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சித்தப்பா திறந்த வாயை மூடிக்கொண்டு மறுபடியும் குந்தினார். போலீஸ்காரர் கட்டிலில் இருந்தவளைப் பார்த்து, "ரோட்டுல ஓடக் கூடாது பாப்பா, சரியா?" என்றார். அவள் தலையாட்டினாள்.

எல்லோரும் வெளியே போன பிறகு அவள் என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"நான் ஓடுனனா புள்ள?"

"இல்ல. நீ நடந்துதான் போன. அப்பறம் நின்னு கை காட்டுன."

"அப்பறம் ஏன் எங்கம்மா அப்படிச் சொல்லுது?"

காலில் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்துவிட்டு அவளே, "நான் ஓடித்தான் இருப்பேன். அம்மா பாத்துதாமா" என்றாள்.

பஸ்ஸில் திரும்பும்போது நான் அப்பாவிடம் சொன்னேன்.

"அப்பா, அவ ஓடலீங்க. செருப்பு அந்துபோயிருந்துச்சு. அவளால நடக்கவே முடியலீங்க."

அப்பா என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார். "சித்தப்பன ஜெயில்ல போட்டா உனக்குச் சந்தோசமா அம்மிணி?"

"இல்லீங்கப்பா."

"கல்யாணம் நின்னுபோயிரும். அத்தைக்கும் வேற போக்கிடம் இல்ல. அதப் பத்தி இனிமேப் பேசாத சாமி."

அப்பா கெட்டவர் இல்லை. அந்தக் காலத்தில் எங்களுக்குத் தெரிந்த எந்தப் பெரியவரையும்விட நல்லவர். ஆனால் அன்றைக்கு எனக்குள் புதிதாக ஒரு பயம் வந்து உட்கார்ந்தது. நடந்ததை நடந்தபடி சொன்னால் வீட்டில் ஒருவர் ஜெயிலுக்குப் போவார் என்ற பயம். சாலைப் பயத்தைவிட அது மோசமாக இருந்தது. சாலைப் பயம் சாலையில் மட்டும்தான் வரும். இது சாப்பிடும்போதும் வந்தது. யாராவது ஓர் ஆள் எங்கள் வீட்டு வழியில் நடந்து வருவது தெரிந்தால் காக்கிச் சட்டையா என்று பார்ப்பேன். சித்தப்பா முகத்தைப் பார்க்க மாட்டேன். அவரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்.

சாலையிலும் சும்மா இல்லை. சாயங்காலம் புளியமரத்தடியில் இறங்கினால் வண்டியின் மூக்குக்கு முன்னால் போய் நிற்பேன். டிரைவர் கையை வீசுவார். என் கால் நகராது. இரண்டாவது முறை வீசுவார். பிறகு திட்டுவார். வண்டிக்குள் பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்தக் கை வீசினால் செத்துப்போவோம் என்றே எனக்குத் தோன்றும். கடைசியில் வண்டி என்னை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடும். வண்டி போன பிறகு சாலை இரண்டு பக்கமும் வெறிச்சென்று தெரியும். அப்போதும் நின்றுகொண்டிருப்பேன். அம்மா வந்து என் கண்ணைத் தன் முந்தானையால் மூடி அழைத்துப் போவார்.

மாசியில் சித்தப்பாவின் கல்யாணம் நடந்தது. அத்தைதான் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்தார். அவர் மகள் கட்டுப் போட்ட காலோடு ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் எல்லோரும் அவளிடம் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். "இனிமே ஓடாத சாமி." "பாத்துப் போகோணும், என்ன." சிலர் கன்னத்தைத் தட்டினார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் "சரிங்க" என்றாள்.

அவள் மறுபடியும் பள்ளிக்கு வந்தபோது ஒரு வருடம் பின்தங்கி இருந்தாள். கட்டையை ஊன்றிக்கொண்டு வந்தாள். காலை வணக்கத்தில் தலைமை ஆசிரியை அவளை மேடைக்குக் கூப்பிட்டு நிறுத்தினார். "சாலையில் ஓடினால் என்ன ஆகும் என்று பாருங்கள்" என்று எங்கள் எல்லோருக்கும் காட்டினார். பிள்ளைகள் அமைதியாகப் பார்த்தார்கள். அவளும் தன் காலையே குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த டிரைவர் அப்போதும் அதே வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். வண்டியில் அப்போதும் பிள்ளைகளை இறக்கிவிட ஆள் இல்லை.

சித்தப்பா லாரி ஓட்டுவதை விடவில்லை. வேறு தொழில் தெரியாது. ஆனால் அதன் பிறகு எங்கள் பள்ளி வண்டியை அவர் தாண்டிப் போனதே இல்லை. ஒருநாள் சாயங்காலம் கடைசி சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தேன். வெகு தூரத்தில் அவர் லாரி நின்றுகொண்டிருந்தது. எங்கள் வண்டி நகர்ந்ததும் அதுவும் நகர்ந்தது. அடுத்த நிறுத்தத்தில் அதுவும் நின்றது. ஏர் ஹாரனையும் கழற்றிவிட்டார். அவருக்கு எங்கள் மேல் கோபம், அதனால்தான் ஹாரன் அடிப்பதில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

பல வருடம் கழித்து நான் வண்டி ஓட்டப் பழகினேன். பழகிய முதல் வாரமே ஒரு பள்ளி வண்டியின் பின்னால் மாட்டிக்கொண்டேன். அது நின்றது. என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் அதன் மஞ்சள் முதுகு மட்டும்தான். வலப்பக்கம் சாலை காலியாக இருந்தது. தாண்டிவிடலாம் என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. எல்லாம் பார்த்த எனக்கே தோன்றியது. ஓட்டுகிறவர் கண்ணுக்கு அது நிற்கிற வண்டி மட்டும்தான். அதன் முன்பக்கம் ஒரு பிள்ளை நடந்துகொண்டிருக்கும் என்பதை யாராவது நினைத்துக்கொண்டால்தான் உண்டு. பிள்ளை ஓட வேண்டும் என்றுகூட இல்லை. சரியாக நடந்தாலே போதும். இதை நம் வயதுக்காரர்கள் தயவுசெய்து நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

அத்தை மகள் படித்து, வேலைக்குப் போய், அம்மாபேட்டைப் பக்கம் வாழ்க்கைப்பட்டாள். நடக்கும்போது ஒரு பக்கம் லேசாகச் சாய்வாள். அத்தையைத் தன்னோடு அழைத்துப் போய் வைத்துக்கொண்டாள். எங்கே சின்னப் பிள்ளைகளைப் பார்த்தாலும் அவளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்வாள்.

போன ஆவணியில் அவள் மகளுக்குக் கல்யாணம். மதியப் பந்தி முடியும் நேரம். மாப்பிள்ளை வீட்டுச் சின்னப் பெண் ஒருத்தி மண்டபத்து வாசலில் வேன்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தாள். அத்தை மகள் அவளைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து தன் முன்னால் நிறுத்தினாள்.

"ரோட்டுப் பக்கம் ஓடக் கூடாது சாமி. நான் உன்ன மாதிரி இருக்கறப்ப அப்படி ஓடித்தான் இப்படி ஆச்சு. பாரு, என் காலப் பாரு."

சித்தப்பா பக்கத்து நாற்காலியில் இருந்தார். இப்போது அவருக்கு முதுகு வளைந்துவிட்டது. வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"நீ ஓடல அம்மிணி" என்றார்.

அவளுக்குச் சரியாக விளங்கவில்லை. "என்னங்க மாமா?"

"நீ ஓடல. நின்னுட்டுத்தான் இருந்த. எனக்குக் கை காட்டுன. நாந்தான் நிக்கல."

அவள் கை இன்னும் அந்தச் சின்னப் பெண்ணின் தோளில் இருந்தது. எனக்கு மறுபடியும் அந்தப் பழைய பயம் வந்தது. என்ன நடக்கப் போகிறதோ என்று சுற்றிலும் பார்த்தேன். அவள் குரல் உயரவில்லை.

"இத எங்கம்மாகிட்டச் சொல்லுங்க மாமா."

அத்தை பந்தி ஓரத்தில் உட்கார்ந்து வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு இப்போது காது கேட்பதில்லை. சித்தப்பா எழுந்து தடுமாறிப் போய் அவர் பக்கத்தில் நின்று சொன்னார். அத்தைக்குக் கேட்கவில்லை. குனிந்து சொன்னார். "என்ன தம்பி?" என்றார் அத்தை. சித்தப்பா அவர் காதருகே போய்க் கத்தினார்.

"அன்னைக்குப் புள்ள ஓடல அக்கா. தப்பு எம்மேலதான்."

பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். சம்பந்தி வீட்டார் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை உரித்த பழத்தை இலையில் வைத்தார். காது கேட்காதவர்கள் பேசுவதுபோல் சத்தமாகவே பேசினார்.

"தெரியுந் தம்பி. வரப்புல நின்னு பாத்துட்டுத்தான இருந்தேன். உன்னையும் விட முடியல. அண்ணன் ஊட்டையும் விட முடியல. எம்புள்ளதான் என்ன விட்டுட்டுப் போக மாட்டான்னு அவ மேல போட்டுட்டேன்."

அத்தை மகள் அதைக் கேட்டுக்கொண்டு அதே இடத்தில் நின்றாள். அம்மாவிடம் போகவில்லை. மாமாவிடமும் போகவில்லை. அவள் முகத்தில் கோபமா அழுகையா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, வலிக்கும் காலை மெதுவாக மடக்கி, அந்தச் சின்னப் பெண்ணின் உயரத்துக்கு உட்கார்ந்தாள்.

"உங்கிட்ட நான் தப்பாச் சொல்லிப்போட்டேன் சாமி" என்றாள். "நான் ஓடல. நடந்துதான் போனேன்."